கரை சரிந்த நாள்

புங்குடுதீவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உம் கணவனான என் தம்பியின் சாம்பலை நேற்றுக் கீரிமலையில் கரைத்தோம். கடல் அமைதியாக இருந்தது. இங்கே நல்ல வெயில். அங்கே இப்போது மண் உறைந்திருக்கும்.

கனடாவின் வடக்கில் எப்படித் தங்கம் எடுக்கிறீர்கள் என்று அம்மா கேட்டார். நானும் தம்பியும் ஒரேயொரு மண்வாரி இயந்திரத்தோடு தொடங்கியதையும், ஆற்றங்கரையைத் தோண்டிச் சரளையைக் கழுவுவதையும் சொன்னேன். கரை சரிந்து அவனை மூடியதையும் சொன்னேன்.

இன்று காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அவன் தானாய்க் குழிக்குள்ள இறங்கினவனோ, நீ இறக்கினனியோ?"

"நான்தானம்மா. கரை வெடிச்சிருந்ததைக் கண்டும் இறங்கடா எண்டு சொன்னனான்."

அவர் கீரையை ஒதுக்கி வைத்தார்.

"இதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"அப்ப எழுது."

உமக்கும் பொலிசுக்கும் அவன் தானாகவே இறங்கினான் என்றுதான் சொல்லியிருந்தேன். அது பொய். அம்மாவுக்கும் சொல்லாத ஒன்றை உமக்குச் சொல்கிறேன். இறங்குமுன் அவன், "அண்ணை, கரை சரியில்லை, எனக்குப் பயமாக்கிடக்கு" என்றான். நான் சிரித்தேன். அதன் பிறகுதான் இறங்கினான்.

மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாயில்லை.

இப்படிக்கு,
அவனுடைய அண்ணன்