கூப்பிட்டால் படுக்கும் பிள்ளை

இன்று காலை மழையில் நனைந்த கோணிச்சாக்கின் வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, பாருங்கள். வெயில் ஏறினால் சாக்கை நனைத்து விரித்து, அந்தக் கன்றுக்குட்டி உயர நாயைப் படுக்க வைப்பீர்களே, அதே வாசனை.

உங்கள் பட்டறைத் தொரை ஊருக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன கிரேட் டேன் அது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நம் வீடோ ஒற்றை அறை. பானைச் சோற்றை மீன்தலையோடு தின்றுவிட்டு, நான் அம்மியில் அரைக்கும்போது வந்து முழுப் பாரத்தையும் என் முதுகில் சாய்த்து நிற்கும். நம் மகள் அதன் காதைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினாள். ஒருநாளும் உறுமியதில்லை.

பெயர் டவுன் என்றீர்கள். "தொரை அப்படித்தான் கூப்பிடுவாரு. மேல தாவும்போதெல்லாம் டவுன், டவுன்னு கொஞ்சுவாரு." ஆனால் கூப்பிட்டால் வராது, பொத்தென்று தரையில் விழும். "மரியாதை தெரிஞ்ச பிள்ளை, பேரைச் சொன்னா விழுந்து கும்பிடுது" என்று உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறேன். என்னைக் கண்டதும் உங்கள் கையை உதறிவிட்டு டவுன் பாய்ந்து வருகிறது. கிள்ளான் ரயிலும் வருகிறது. நாய் திரும்பட்டும் என்று நீங்கள் தொண்டை கிழியக் கத்தினீர்கள்: "டவுனு!"

நடுவில் ரயில் புகுந்துவிட்டது. பெட்டிகள் முடிவதாயில்லை. போச்சு என்றே நினைத்தேன். கடைசிப் பெட்டி நகர்ந்ததும் பார்த்தால், நீங்கள் நின்ற பக்கத்துச் சரளைக்கல்லில் டவுன் குப்புறப் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. மீனைப் போட்டுவிட்டு ஓடி வந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பக்கத்து வீட்டில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியார் மூச்சிரைக்க வந்தார். "டவுன்னா கீழ படுன்னு அர்த்தம். தொரை அதட்டுனதைப் பேருன்னா நெனச்சே?"

நீங்கள் அசரவில்லை. "இனிமே அதான் பேரு, அண்ணே."

ஆனால் அதன்பிறகு நீங்கள் டவுனைத் தூரத்திலிருந்து கூப்பிட்டதேயில்லை. "கூப்பிட்டா படுக்கிற பிள்ளை. நாமதான் போய் அழைச்சிட்டு வரணும்" என்று எழுந்து போய், கழுத்தைத் தொட்டுக் கூட்டி வருவீர்கள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பேரப்பிள்ளைகளைச் சாப்பிட அழைப்பதென்றாலும் வாசலில் நின்று கத்துவதில்லை. முட்டி வலித்தாலும் போய்த் தொட்டுத்தான் கூட்டி வருகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து உங்களைத்தான் அப்படிக் கூட்டிவர எனக்கு வழி தெரியவில்லை.