கசங்காத சட்டை

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. போனில் கேட்கலாம் என்றால் அப்பா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால் எழுதுகிறேன். அவருக்கு முட்டிவலி தேவலை. உன் தங்கை உன் அறையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பூட்டு வேறு போட்டிருக்கிறாள், எதற்கென்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வீடியோவில் வந்து உட்காருகிறாய். கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்க்கிறவளிடமா இந்தக் கதை? நாளெல்லாம் போட்ட சட்டை முழங்கையில் கசங்கியிருக்கும், காலரில் அழுக்குக் கோடு விழுந்திருக்கும். உன் சட்டை அப்போதுதான் இஸ்திரி போட்டது போல இருக்கிறது, அவசரத்தில் பட்டன் வேறு ஒன்று மாறிப் போட்டிருக்கிறாய். முதலில் வேலை போய்விட்டதோ என்று நினைத்தேன், பிறகு ஏதாவது பெண் விவகாரமோ என்று நினைத்து உன் மாமாவை அனுப்பினேன். வேவு பார்க்கப் போனவன் உன் பக்கம் சாய்ந்துவிட்டான். ஆபீஸ் எப்படி என்று கேட்டால், “அக்கா, பையன் நல்லா சாப்பிடறான், நல்லா தூங்கறான், வேற எதுவும் என்னைக் கேக்காதே” என்கிறான். அவன் பெட்டிச் சக்கரம் போடும் கூச்சலில் அவன் தெருமுனை திரும்பும்போதே நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். இந்தத் தடவை சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நிற்கிறான். கஞ்ச மகாபிரபு, காசு கொடுத்தா சரிசெய்திருப்பான்? சக்கரத்தைச் சரிசெய்தது யார் என்று விடாமல் பிடித்துக்கொண்டேன், கக்கிவிட்டான். இன்சூரன்ஸ் ஆபீஸை விட்டுவிட்டாயாம், சைக்கிள் ரிப்பேர் கடையில் வேலை கற்றுக்கொள்கிறாயாம்.

அன்றைக்கு வந்த கோபத்துக்கு நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் முதுகு பழுத்திருக்கும். உன் ஆபீஸ் பெருமையை அப்பா தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறார், இனி எந்த முகத்தோடு வெளியே நடப்பார்? இதுவும் நாலு நாள் கூத்துதானோ என்ற சந்தேகமும் எனக்குப் போகவில்லை, ஆசைப்பட்டு கிடார் வாங்கிப் பரணில் போட்டவன்தானே நீ. ஆனால் போன வாரம் வீடியோவில் நீ தலையைச் சொறிந்தபோது உன் விரலைப் பார்த்தேன். பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும், அந்த ஆபீஸில் இருந்த காலம் பூராவும் ரத்தம் வரக் கடித்த நகம், கசப்பு மருந்து தடவியும் நீ விடாத நகம், இப்போது ஓரமெல்லாம் கிரீஸ் கறுப்போடு வளர்ந்திருக்கிறது. கிரீஸ் வாய்க்குள் போகும் என்று விட்டாயா, பயம் போனதால் விட்டாயா? இரண்டாவதாக இருக்குமோ என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த இஸ்திரிச் சட்டை வேண்டாம், கடையில் போடுகிற சட்டையோடு வீடியோவில் வந்து உட்கார். அவர் கத்துவார், கத்தட்டும், நான் பக்கத்தில்தான் இருப்பேன். எந்த வேலை செய்தாலும் நன்றாக இரு, என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவர் கத்தும்போது கை வாய்க்குப் போகக் கூடாது. நான் உன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை இன்னும் முழுதாக நம்பாத
அம்மா