செட்டாப் பாக்ஸின் மேல் ஏழு மிளகாய் விதைகள்

மாப்பிள்ளை,

உலகத்தில் ஒருவரும் நம்ப முடியாத கதை ஒன்றை உனக்கு எழுதப் போகிறேன். இடக்கையைத் தலையில் வைத்துச் சத்தியம் செய்துகொண்டு வலக்கையால் எழுதுகிறேன். நீ நம்ப மாட்டாய். இருந்த காலத்திலேயே நான் சொன்ன எதையும் நீ நம்பியதில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டில் பேரனுக்குச் சுற்றிப் போட்டார்கள். உப்பும் வற்றல் மிளகாயும் நெருப்பில் விழுந்த நெடி மதிலேறி வந்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து வரதராஜன்பேட்டை வரைக்கும் காக்கை குருவியெல்லாம் தும்மின. தெருவில் எல்லோரும் இருமினார்கள். நான் மட்டும் இருமவில்லை. கையிலிருந்த டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏன் சாத்தினேன் என்பதுதான் கதை.

பள்ளிக்கூடத்தில் உன்னை 'டா' போட்டேன். நீ என் தங்கச்சியைக் கட்டியதும் 'வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள' என்று அவள் எதிரில் நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி 'டா'. இந்த மடலை அவள் படிக்கப் போவதில்லை. ஆகவே பழையபடி நீ, வா, போ தான்.

உன் மிளகாயின் பெருமையை நான் எங்கேதான் பேசவில்லை? உருண்டையாக, அரை நெல்லிக்காய் அளவில் இருக்கும். ஒருமுறை அதில் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூரில் பஸ் ஏறினேன். கூட்டத்தில் பை நசுங்கிவிட்டது. அரியலூர் போய்ச் சேர்வதற்குள் டிரைவர், கண்டக்டர் உட்பட மொத்த பஸ்ஸும் கண்ணீர் விட்டது. எந்தத் தலைவர் போய்ச் சேர்ந்தாரோ என்று வழியில் இரண்டு ஊர்களில் கடையடைத்தார்கள். இதைக் கேட்கிறவர்களிடம் கடைசியாக ஒன்று சேர்த்துச் சொல்வேன்: "மொளகா போடுறதையே அவனுக்கு நாந்தான் கத்துக் குடுத்தேன்." நீயும் மறுக்காமல் சிரிப்பாய். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

உண்மையில் உன் வீட்டு மொட்டைமாடியில் நான் செய்த வேலை வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு வருஷமும் நீ ஒரு பழத்தைப் பிளந்து, கொழுத்த விதைகளாகப் பொறுக்கி, அரிசி கழுவின தண்ணீரில் ஊறப் போடுவாய். பிறகு ஈரத் துணியில் மடித்து, கிண்ணத்தில் வைத்து மூடி, டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸின் மேல் வைப்பாய். வெள்ளை மூக்கு நீட்டிய விதையை மட்டுமே மண்ணில் வைப்பாய்.

"ஏன்டா மாப்ள, மொளகா வெதைக்கு சீரியல் வேற போட்டுக் காட்டுறியா?" என்று கேட்டேன்.

"தண்ணி யாரு வேணா ஊத்தலாம்டா. இதுக்கு சூடு வேணும். கோழி ஒக்காந்த மாதிரி கதகதன்னு இருக்கணும்" என்றாய்.

நான் சிரித்ததில் உன் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டது. சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

பங்குனியில் நீ போனாய். திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அதை நான் எழுத மாட்டேன்.

கார்த்திகையில் பெரம்பலூர் போனேன். மழை விடாத வாரம். தங்கச்சி வீட்டில் அடுப்புக்கு வேலையே இல்லை. பெங்களூரிலிருந்து மகள் போன் போட்டுக் கேட்டால் "சாப்பிட்டேன்" என்பாள். மெஸ்ஸிலிருந்து வந்த பொட்டலம் பிரிக்காமல் கிடக்கும். மாடியில் உன் செடிகளெல்லாம் கோடையிலேயே காய்ந்து போயிருந்தன. அடுப்படி ஜன்னலோரம் ஆணியில் நூலில் கோத்த பத்து வற்றல் தொங்கியது. நீ கடைசியாகப் பறித்துக் கோத்தது. அதில் ஒன்றை உருவி என் கையில் வைத்தாள்.

"அவருக்கு நாந்தான் கத்துக் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லுவியே. போட்டுக் குடுண்ணே. அந்தச் செடி வூட்ல நின்னா நான் அடுப்பு பத்த வெச்சுருவேன்."

"ஒரு செடியா? காடே போட்டுத் தரேன் போ" என்றேன். என் வாய் அப்படிப்பட்டது.

அந்த ஒரு வற்றலில் கறுத்ததும் சுருங்கியதும் போகத் தேறியது பன்னிரண்டு விதை. ஊறப் போடவில்லை, துணியில் மடிக்கவில்லை. ஆசானுக்கு எதற்கு அதெல்லாம்? பன்னிரண்டு பேப்பர் டீ கப்பில் மண்ணைப் போட்டு, ஆளுக்கொரு விதை புதைத்து, கொல்லைப்புறக் குழாயடியில் வரிசையாக நிறுத்தினேன். சாரல் அடித்தது. தண்ணீர்ச் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன் வரும்.

"வந்துச்சாண்ணே?"

"வரும்மா, வரும்."

ஐந்தாம் நாள் இல்லை. எட்டாம் நாள் இல்லை. பத்தாம் நாள் கப்புகளில் பாசி பிடித்தது. பதினொன்றாம் நாள், திங்கட்கிழமை, அவள் "வந்துச்சா?" என்றுகூடக் கேட்கவில்லை. "அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த மூச்சை என்னால் தாங்க முடியவில்லை.

"வந்துருச்சும்மா! பன்னெண்டும் வந்துருச்சு! அணிவகுப்பு மாதிரி நிக்குதுங்க!"

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள், மாப்பிள்ளை. பங்குனிக்குப் பிறகு முதல் தடவை. நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பெரம்பலூர் போவது, அவள் பார்க்காதபோது ஆணியிலிருந்து இன்னொரு வற்றலை உருவிக்கொண்டு வருவது, இந்த முறை உன் வழியில் போடுவது. இன்னும் ஒன்பது இருக்கிறதே.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணே, பன்னெண்டும் வந்துருச்சுன்னியே, கண்ணு படும்ல? உங்க ஊரு தெசையப் பாத்து நின்னு சுத்திப் போட்டுட்டேன்."

"எத... எதைப் போட்ட?"

"ஆணியில இருந்துச்சே, அதத்தான். கொட்டாங்குச்சி நெருப்புல."

"ஒம்பதையுமா?"

"ஒத்தப்படையா இருக்கணும்ல? அதான் நாத்து வந்துருச்சே, இனி அது எதுக்கு? வூட்ல வேற மொளகாயும் இல்ல. நெடியே வரலண்ணே! அவ்ளோ கண்ணு பட்டிருக்கு. வெள்ளிக்கிழம வந்து பாக்குறேன்."

பஸ் நிறைய ஆட்களை அழ வைத்த மிளகாய் ஒன்பது எரிந்தும் நெடி வரவில்லையாம். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். வாலிகண்டபுரத்துக் கோயில் கோபுரம் பெயர்ந்து வந்து என் தலையில் உட்கார்ந்ததுபோல இருந்தது. உலகத்தில் உன் மிளகாய் என்று மிச்சமிருப்பது இனி குழாயடியில் பாசி பிடித்த பன்னிரண்டு கப் மட்டுமே. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த ஒன்பதும் ஆணியில் இருந்திருக்கும்.

பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு கப்பாகக் கிளறினேன். முதல் விதை கூழாக நசுங்கியது. இரண்டாவதும். மூன்றாவது கெட்டியாக இருந்தது. விரல் நுனியில் அதன் விளிம்பு தட்டியபோது கண்ணை மூடிக்கொண்டேன். முடித்தபோது ஐந்து கூழ், ஏழு கெட்டி. அப்போதுதான், இவ்வளவு காலம் கழித்து, நீ சொன்ன கோழி என் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

ஏழையும் ஈரத் துணியில் மடித்து, கிண்ணத்தில் மூடி, செட்டாப் பாக்ஸின் மேல் வைத்தேன். என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இன்னையிலிருந்து டிவிய அணைக்கக் கூடாது. பெட்டி சூடு ஆறக் கூடாது" என்று ஆணையிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில் அவள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். மூன்று நாளில் நானூறு சீரியல் ஓடியது. எத்தனையோ மாமியார்கள் திருந்தினார்கள், மறுபடி கெட்டுப்போனார்கள். விளம்பர இடைவேளை தோறும் துணியைப் பிரித்துப் பார்த்தேன். விதை விதையாகவே இருந்தது.

வியாழக்கிழமை எனக்குப் புத்தி பிசகியது. விக்கிரமங்கலம் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போய்ப் பன்னிரண்டு மிளகாய் நாற்று வாங்கி வந்து, அதே டீ கப்புகளில் நட்டேன். என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது வேணாங்க" என்றாள்.

"அவளுக்கு என்னா தெரியும்? மாப்ள அவள மாடிப் பக்கமே விட்டதில்ல."

"வேணாங்க" என்று மட்டும் மறுபடி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை தங்கச்சி வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேராகக் கொல்லைக்குப் போய்க் குந்தினாள். பன்னிரண்டு கப்பையும் ஒரு தடவை பார்த்தாள். ஒரு நாற்றின் தண்டை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பினாள். நான் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். எந்த நாற்று எப்போது தலை காட்டியது, எது சண்டியர், எது சாது என்று.

"அண்ணே."

நிறுத்தினேன்.

"அவரு நாத்து முளைக்கிறப்பவே தண்டு கத்திரிப்பூ நெறத்துல இருக்கும். மாடியிலேருந்து எடுத்தாந்து என் கையிலதான் மொதல்ல காட்டுவாரு." தண்டை விட்டாள். "இது பச்சையா இருக்கே."

மாப்பிள்ளை, அந்த நொடியில் எனக்குப் பதினெட்டுப் பொய் தோன்றியது. ஒவ்வொன்றும் முதல் தரம். மண் மாறினால் நிறம் மாறும் என்று ஒன்று. ஜெயங்கொண்டத்து வெயில் என்று ஒன்று. வாயைத் திறந்தேன். "முளைக்கலம்மா" என்றேன். "திங்கக்கெழமயே முளைக்கல."

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தப்பித்திருப்பேன்.

"ஆஸ்பத்திரியிலயும் நீதான் வெளிய வந்து சொன்ன. 'நல்லா பேசுறான், நாளைக்கு வூட்டுக்கு அனுப்பிருவாங்க'ன்னு. நான் அத நம்பி வூட்டுக்குப் போயி ரசம் வெச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "எனக்கு நல்ல சேதி வேணாண்ணே. இருக்கறத சொல்லு."

நீ அன்றைக்குப் பேசவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பேச வைத்தேன். அவள் ரசம் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நீ போனாய். அது அவளுக்கு நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் அதை என்னிடம் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

இருக்கிறதைச் சொன்னேன். ஐந்து கூழ், ஏழு கெட்டி, டிவிக்குக் கீழே ஒரு கிண்ணம். ஒன்பது வற்றல் ஏன் எரிந்தது என்பதையும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய், துணியைத் தானே பிரித்தாள். ஒன்றும் முளைத்திருக்கவில்லை. கிண்ணத்தில் தேங்கியிருந்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருக்கிறது என்று கொட்டிவிட்டு வெதுவெதுப்பாக ஊற்றினாள். "நான் இங்கயே இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த நான்கு நாள் நாங்கள் மூன்று பேரும் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. துணியைப் பிரிக்கும் வேலையை அவள் என்னிடம் கொடுக்கவில்லை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. மூன்றாம் நாள் ஒரு விதையின் மேல் நூல்போல வெள்ளை தெரிந்தது. முளை என்று பாய்ந்து எழுந்தேன். "பூஞ்சணம்" என்று அதை எடுத்து வெளியே போட்டாள். என் வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலை துணியைப் பிரித்தவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு விளம்பரம் முழுதும் ஓடி முடிந்தது. பிறகு கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.

முளைத்திருந்தது மாப்பிள்ளை! ஒன்றா, இரண்டா? தூக்கிப் போட்டதும் சேர்த்து ஏழும்! அரசர்கள்போல ஏழு பேரும் வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மண்ணில் வைத்த வாரத்தில் கத்திரிப்பூ நிறத் தண்டு, அதன்மேல் இரண்டிரண்டு இலை. ஏழையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் பெரம்பலூர் பஸ் ஏறினாள். பஸ்ஸே எழுந்து நின்று இடம் கொடுத்தது.

இப்போது மாசி. தினமும் காலையில் நான்தான் அவளுக்குப் போன் போடுகிறேன். அவள் இருக்கிறதைச் சொல்கிறாள். "ரெண்டு இலை சுருண்டுருக்கு." "மொட்டு வெச்சு உதுந்துருச்சு." "இன்னைக்கு ஒரு பூ நிக்குது, என்னா ஆவும்னு தெரியல." நேற்று பின்னால் தாளிக்கிற சத்தம் கேட்டது, கேட்டேன் என்று சொல்லவில்லை. அவளிடம் பேசும்போது மட்டும் என் வாய் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மற்ற இடங்களில் பழைய வாய்தான். மேலே எழுதியதைப் பார்த்தாலே தெரியும்.

கடையடைப்பு, நானூறு சீரியல், எழுந்து நின்ற பஸ், இதையெல்லாம் நீயே கழித்துக்கொள்வாய். ஏழு என்று எழுதியதையும் கழித்துவிடு. மற்ற விதைகள் துணியிலேயே கறுத்துப்போயின. ஒன்றே ஒன்றுதான் முளைத்தது, மாப்பிள்ளை. அந்த ஒன்று மட்டும் நிஜம்.