அமாவாசைக்கு வரும் கார்டியன்

4-7-72, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் பாவலா காட்டிவிட்டுப் போய்விட்டது.

கல்லூரியிலிருந்து தபால். புதுமுக வகுப்பு மாணவிகளுக்கு வரவேற்புக் கூட்டம், வியாழன் காலை 10 மணி. கூடவே ஒரு தாள் முழுக்க அறிவுரைகள். மொத்தம் பதினான்கு. இரட்டைச் சடை. நகை கூடாது. உரக்கச் சிரிக்கக் கூடாது. பஸ் நிற்கும் இடத்தில் நின்று பேசக் கூடாது. மூச்சு விடலாமா என்று போடவில்லை. பதினான்காவது: தந்தை அல்லது கார்டியன் அன்றே நேரில் வந்து உறுதிமொழிப் பாரத்தில் கையெழுத்திட வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தறியை நிறுத்தாமலே கேட்டார்.

"அமாவாசை என்னிக்கு?"

"திங்கக்கிழமை."

"அன்னிக்கு வர்றேன்."

"வியாழக்கிழமைதான்பா கூப்பிட்டிருக்காங்க."

"நம்ம தெருவுல எவன் நடுவுல தறிய விட்டு எழுந்து போறான்? அமாவாசைக்கு வந்து போடறேன். காலேஜு எங்க ஓடிப் போவுது?"

ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு. எங்கள் நெசவுத் தெருவுக்கு மட்டும் அமாவாசை. பஞ்சாங்கம் பார்த்துக் கூட்டம் நடத்துங்கள் என்று பிரின்ஸிபாலுக்கு நான் எழுதிப் போடவா?

5-7, புதன்

வாங்க வேண்டியது: கறுப்பு ரிப்பன், மை, ஊக்கு. பழைய தாவணிக்கு ஓரம் அடிக்க வேண்டும்.

சித்தப்பா வந்தார். எஸ்.எஸ்.எல்.சி.யையே இரண்டு தடவை எழுதியவர், காலேஜ் பற்றி ஒரு மணி நேரம் புத்தி சொன்னார். "மொதோ பெஞ்சுல உக்காராதே, கேள்வி கேப்பாங்க. கடைசி பெஞ்சுலயும் உக்காராதே, பேரு கெட்டுடும்." நடுவில் எல்லோரும் எப்படி உட்காருவது? சரி, நாளைக்கு நீங்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

"அண்ணன் இருக்கறப்போ நான் போட்டா நல்லாவாமா இருக்கும்?" காபியைக் குடித்தார். நழுவிவிட்டார்.

சாயங்காலம் அப்பாவிடம் மறுபடி. கல்யாணப் புடவையாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தாராம். எவளோ ஒருத்தியின் முகூர்த்தம் தப்பக் கூடாது, என் இடம் போகலாம். வாய் விட்டே சொன்னேன். தறிச் சத்தம் இரண்டு மடங்கானது.

அம்மா: "நான் வர்றேன். நானும்தானே பெத்தேன்."

6-7, வியாழன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஒன்பதரைக்கே போய்விட்டோம். எனக்கு முன்னால் நின்றவள் சரோஜா, தென்னேரிக்காரி. அவள் அப்பா நெற்றி நிறைய விபூதியோடு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அவருக்கும் நிலத்தில் வேலை இல்லாமலா இருக்கும்? பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

ஆபீஸ் ஜன்னலில் கிளார்க். அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடக் குனிந்தாள். அவர் பாரத்தை இழுத்துக்கொண்டார்.

"இவங்க அப்பா இருக்காரா?"

"இருக்காருங்க. நெய்துக்கினு இருக்காரு."

"அப்போ அவருதாம்மா போடணும்."

"கார்டியன்னு போட்டிருக்குதே" என்றேன் நான்.

"அது அப்பா இல்லாத பொண்ணுங்களுக்கு. பத்து மணிக்கு இந்த ஜன்னலை மூடிடுவேன். வெயிட்டிங் லிஸ்ட்ல நாப்பது பேர் நிக்கறாங்க."

அதாவது அம்மா விதவையாக இருந்தால் அவள் கையெழுத்து செல்லும். அம்மாவின் முகம் அப்போது போன போக்கு! அந்த ஆளைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போய் வர ஒரு மணி நேரம். போனாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். பாரத்தைக் கேட்டு வாங்கினேன். தூணுக்குப் பின்னால் போய், மதிற்சுவரில் வைத்து, அப்பா கையெழுத்தை நானே போட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து ராங்க் கார்டில் பார்த்துப் பார்த்துப் பழகிய கையெழுத்து. அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளார்க்: "வந்துட்டாரா?"

"வந்துட்டுப் போயிட்டாரு."

முத்திரை குத்திவிட்டார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

ஹாலில் பிரின்ஸிபால் அம்மாள் பேசினார். "உங்கள் தந்தையர் தம் வேலையை விட்டு வந்து உங்களை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்." எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

7-7, வெள்ளி

தலைவலி. இங்கிலீஷ் வகுப்பில் பாதி புரியவில்லை.

அடுத்த வருஷம் வரப் போகிறவளுக்கு நான் ஒரு தாள் அடித்துக் கொடுப்பேன். ரிப்பன் நிறத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, காசை வீணாக்காதே. குடிக்கத் தண்ணீர் கொண்டு போ, அங்கே இருப்பது ஒரே பானை. சித்தப்பாக்களிடம் யோசனை கேட்காதே. அம்மாவைக் கூட்டிப் போய் அவமானப்படுத்தாதே. அப்பாவின் கையெழுத்தை நன்றாகப் பழகிக்கொள்.

அப்பா கேட்கவே இல்லை, நேற்று என்ன ஆயிற்று என்று. ஒரு வார்த்தை!

9-7, ஞாயிறு

மத்தியானம் புடவையை அறுத்துக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். நல்ல அரக்கு, பச்சைக் கரை. அழகாகத்தான் இருந்தது. அதுவும் ஆத்திரம்.

திரும்பி வந்து முகச்சவரம். அம்மாவிடம், "அந்தப் பட்டுக்கரை வேட்டிய எடுத்து வை. காலையில காலேஜுக்குப் போவணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லாம் முடிஞ்சுதுப்பா, நீங்க வர வேணாம்."

"அப்பன் வராம எப்படி முடியும்? அந்தத் தாள்ல நீதானே படிச்சே? சொன்னா சொன்னதுதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். வியாழக்கிழமை வராத மனிதர் இப்போது எதற்கு வர வேண்டும்?

10-7, திங்கள், அமாவாசை

வெயில். தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை.

வழியெல்லாம் எனக்கு முன்னால் நடந்தார். ஜன்னலில் கைகூப்பி நின்றார். "கையெழுத்து போடணும்னாங்க. வேலை இருந்தது, அன்னிக்கு வர முடியல."

கிளார்க் பாரங்களின் கட்டைப் புரட்டினார். "நீங்கதான் அன்னிக்கே போட்டுட்டீங்களே." பாரத்தைத் திருப்பிக் காட்டினார்.

அப்பா குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். "நான்தான் போட்டேன். நெனப்பில்ல."

கிளார்க் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்த கேட் வரைக்கும் அவர் பின்னால் போனேன். வைவார் என்று நின்றேன்.

"இனிமே எல்லாத்துக்கும் நீயே போட்டுக்கோ. என்னைக் கேக்க வேணாம்." என் முகத்தைப் பார்க்கவில்லை. "கிளாசுக்கு நேரமாவுது, போ."

போய்விட்டார். பட்டுக்கரை வேட்டி, வெயிலில், தனியாக.

எனக்குக் கோபம் தீரவில்லை. வியாழக்கிழமை வந்திருக்க வேண்டியவர்தானே அவர். இன்று அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போயிருப்பேன்.