ஆறு கம்ப்யூட்டரும் ஒரு போஸ்டரும்

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, பெங்களூரிலிருந்து மீனலோசினி. முழங்கால் வலி தேவலையா? சங்கரன்கோவிலில் மழை உண்டா?

இங்கே பிரஸ்ஸில் ஒரு வேடிக்கை. மெயிலில் வந்த கல்யாணப் பத்திரிகை ஃபைல் மிகப் பெரிதாக இருந்தது. சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போட்டிருப்பார்கள் என்று திறந்துவிட்டேன். பெயர்க் கட்டத்தில் அளவுக்கு மீறி எழுத்து வந்தால் எங்கள் பழைய டிசைன் சாஃப்ட்வேர் தாங்காதாம். அந்த ஓட்டை வழியாக வைரஸ் புகுந்து ஆறு கம்ப்யூட்டரும் போயின.

"எல்லாம் செத்துப்போச்சு, நீ மட்டும் ஏன் ஏட்டி உயிரோட இருக்க?" என்றார் நம்மூர்க்கார முதலாளி. கம்ப்யூட்டர்கள் சரியானதும் அவர் அடித்த முதல் வேலை, எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மறைந்த தேதியை மட்டும் காலியாக விட்டு வாசலில் ஒட்டியிருக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு இனி வேறு படம் கொடுங்கள். நீங்கள் இதுவரை கொடுத்த படத்தைத்தான் அவர் போஸ்டரில் போட்டிருக்கிறார். இட்லிப்பொடி அனுப்புங்கள். முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். போஸ்டர் உங்கள் போனுக்கு வந்தால் பதற வேண்டாம். தேதி போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.