பெருமாள்மலையில் தைத்த பயண உடுப்பு

மே 13, செவ்வாய். இரவு.

நாளை மஸ்கட்டுக்கு விமானம். அங்கே மகள் நிறைமாதமாகத் தனியாக இருக்கிறாள். "சேலை வேணாம்மா. மலைய விட்டு எறங்குனா வெயிலு, பிளேன்ல ஏறுனா ஏசி. லூசா காட்டன் சுடிதார் தச்சுக்க, ஒரு ஷால் வச்சுக்க" என்று சொல்லியிருந்தாள்.

லாட்ஜ் வேலை முடிந்ததும் கணவரோடு பெருமாள்மலைக்கு, தைக்கக் கொடுத்திருந்த சுடிதாரை வாங்கப் போனேன். டெய்லர் ஸ்டெல்லா என்னை விழித்துப் பார்த்தாள்.

"வெள்ளனே கட தொறந்ததும் நீங்கதானக்கா வந்து வாங்குனீங்க? இங்கயே போட்டுக்கிட்டு, உக்கார எதமா இருக்குன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

காலை ஆறு மணியிலிருந்து நான் லாட்ஜை விட்டு நகரவேயில்லை.

பூட்டைத் திறந்து வீட்டுக்குள் நுழைந்தால், சுடிதார் என் கட்டிலில் கிடந்தது. அக்குள் இரண்டும் வியர்வையில் நனைந்திருந்தன. இந்த மலைக் குளிரில் யாருக்கு அப்படி வியர்க்கும்? முகர்ந்து பார்த்தேன். என் வியர்வைதான்.

"அதப் போடாத. சேலையவே கட்டிட்டுப் போ" என்றார் கணவர்.

சேலையில் அவ்வளவு நேரம் உட்கார என் இடுப்பு தாங்காது. சுடிதாரை அலசி, இஸ்திரி போட்டே காயவைத்தேன். மகளுக்கு அங்கே யாருமில்லை. காலையில் அதைத்தான் போட்டுக்கொண்டு கிளம்புவேன். கூட இன்னொருத்தி வந்தால் வரட்டும்.