தழும்பைத் தடுத்த மருந்து

ஜூன் 9
மறுபடியும் அதேதான். மூளையில் அடிபட்ட எலிகளில், மருந்து கொடுத்தவைதான் மோசமாக நடக்கின்றன. காயத்தைச் சுற்றி, நரம்புகளைத் தாங்கும் கிளியா செல்கள் ஒரு தழும்புச் சுவர் எழுப்பும். அதுதான் நரம்பை மீண்டும் வளரவிடாமல் மறிக்கிறது, அதைத் தடுத்தால் போதும் என்பது ஆய்வகத் தலைவர் குரியாக்கோஸ் சாரின் பல வருட வேதம். மருந்து சுவரைத் தடுத்துவிட்டது, சரி. காயம் ஏன் பெரிதாகிறது?

ஜூன் 11
சாரிடம் எலி மூளை ஸ்லைடுகளைக் கொண்டுபோனேன். மைக்ராஸ்கோப்பில் அவர் கண்கூட வைக்கவில்லை. "மருந்துல குறையில்ல, ஷைனி. உன் கையிலதான் குறை." என் ஜூனியர் விபின் குனிந்துகொண்டு சிரித்தான்.

ஜூன் 12
என் வேலையை விபினிடம் கொடுத்துவிட்டார். நாசமாப் போகட்டும் ரெண்டு பேரும்.

ஜூலை 20
பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் அடிபட்டவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். மழையில் பைக் சறுக்கி விழுந்து வருகிறவர்களுக்கு. மனுஷங்களுக்கு!

ஜூலை 23
விபின் இல்லாதபோது அவன் ஸ்லைடுகளைப் பார்த்தேன். திருட்டுத்தனம்தான், இருக்கட்டும். அவனுக்கும் அதேதான் வந்திருக்கிறது. சுவர் இல்லாததால் காயத்துக்குள் நிற்க வேண்டிய அழற்சி செல்கள் நல்ல பகுதிக்குள் புகுந்து நரம்புகளை அழித்திருக்கின்றன. அந்தச் சுவர் மறித்ததோடு காவலாகவும் இருந்திருக்கிறது.

நிமிர்ந்தால் வாசலில் விபின்.
"எனக்கும் தெரியும், சேச்சி."
"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருக்கே?"
"என் தீசிஸ்ல சார் கையெழுத்துப் போடணுமே."
அறைந்திருக்க வேண்டும். கை வரவில்லை.

ஜூலை 30
மருந்துக்கு அனுமதி தரும் குழு கூடியது. யாரும் கூப்பிடாமலே போய்ச் சொன்னேன். எனக்குப் பொறாமை என்றார் சார். குழுத் தலைவி விபினைக் கேட்டார். அவன் எழுந்து நின்றான்.
"சேச்சி சொல்றது சரிதான். எனக்கும் காயம் பெருசாத்தான் ஆச்சு."
சார் அவனைப் பார்த்த பார்வை!

ஆகஸ்ட் 2
மருந்துச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆய்வகச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார் சார். விபினிடமிருந்தும்.

அக்டோபர் 14
கொச்சி மாநாடு. சாரின் பேச்சு, 'தழும்பு என்னும் காவல்'. படங்கள் அத்தனையும் என்னுடையவை. மருந்தின் ஆபத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார்.
"எனக்கு ஆரம்பத்துலயே சந்தேகம் இருந்துச்சு," என்றார் சார், கூசாமல்.
எல்லாரும் கைதட்டினார்கள். எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே விபினும் வந்தான். முதலில் மறைத்துவைத்தானே என்ற கோபத்தில், குழுக் கூட்டத்துக்குப் பிறகும் அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாலில்லாத கட்டன் சாயா இரண்டு வாங்கிவந்து, ஒன்றை என் பக்கம் வைத்தான்.

எடுத்துக் குடித்தேன்.